திரும்பி வந்தவர்களுக்கு இடமில்லையா?

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தது. அதைத் தொடர்ந்த சில வாரங்களில் ‘ஆபரேஷன் கங்கா’ என்ற பெயரில் ஏறத்தாழ 22,500 இந்தியர் தாயகம் கொண்டுவரப்பட்டனர். அவர்களிற் பெரும்பாலோர் மருத்துவ மாணவர். விமான நிலையங்களில் பூக்கொடுத்து வரவேற்றோம். நாளேடுகளில் படம் வந்தது. ஆனால் ‘பாதியில் நின்ற படிப்பை இங்கேயே தொடர வழி செய்யுங்கள்’ என்று அவர்கள் கேட்டபோது, சட்டத்தில் அதற்கு இடமில்லை என்னும் ஒற்றை வரியே விடையாகக் கிடைத்தது. அவ்விடையின் நியாயத்தைக் கொஞ்சம் உரசிப் பார்ப்பது தேவை என்று கருதுகிறோம். போர்கள் ஓயவில்லை, வெளிநாடு சென்று மருத்துவம் பயில்வோரும் குறையவில்லை. எனவே இது பழங்கதை அன்று.

மீமிசல் போன்ற கடலோர ஊர்களில் இருப்போர்க்கு இச்சிக்கல் செய்தித்தாளில் மட்டும் படிக்கும் ஒன்றாக இருப்பதில்லை. கடல் கடந்து பிழைப்பது இப்பகுதிக்குப் புதிதன்று. மலேசியாவிலும் வளைகுடாவிலும் ஈட்டிய பணம் வீடாக, நிலமாக, நகையாக வந்த காலம் ஒன்று உண்டு; இன்று அது பிள்ளைகளின் படிப்பாகவும் மாறுகிறது. அதே ஊர்களில், நெஞ்சுவலி என்றால் அறந்தாங்கிக்கோ புதுக்கோட்டைக்கோ வண்டி பிடிக்க வேண்டும். மருத்துவராக விரும்பும் பிள்ளையும் மருத்துவரைத் தேடும் நோயாளியும் ஒரே தெருவில் இருக்க, இருவருக்கும் நடுவே விதிமுறைகள் நிற்கின்றன.

அவ்விதிமுறைகள் கூறுவது என்ன? 2021 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட விதிகளின்படி, வெளிநாட்டில் பயில்வோர் குறைந்தது 54 மாதப் படிப்பையும் 12 மாதப் பயிற்சியையும் ஒரே நிறுவனத்தில் முடிக்க வேண்டும். வெளிநாட்டுக் கல்லூரியிலிருந்து இந்தியக் கல்லூரிக்கு மாறுவதற்கு, 1956ஆம் ஆண்டின் மருத்துவக் குழுச் சட்டத்திலும் வழியில்லை, 2019ஆம் ஆண்டின் ஆணையச் சட்டத்திலும் வழியில்லை. தமிழக முதலமைச்சர் 2022 மார்ச்சில் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மேற்கு வங்க அரசு தன் மாணவர்களைத் தன் கல்லூரிகளிலேயே அமர்த்த முயன்று, ஒன்றிய அரசின் மறுப்பைச் சந்தித்தது. நாடாளுமன்ற வெளியுறவுக் குழு, ஒருமுறை நடவடிக்கையாக இவர்களைத் தனியார் கல்லூரிகளில் சேர்க்கலாம் என்று அவ்வாண்டு ஆகஸ்டில் பரிந்துரைத்தது. செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தில் ஒன்றிய அரசு அளித்த பதிலோ, சட்டத்தில் இடமில்லை என்பதோடு நிற்கவில்லை. இம்மாணவர்கள் வெளிநாடு சென்றதற்குக் குறைந்த தகுதியும் செலவுக் குறைவுமே காரணம் என்றும் சொன்னது.

‘குறைந்த தகுதி’ என்னும் அச்சொல்லைச் சற்று நிறுத்தி நோக்குவோம். 2018 முதல் வெளிநாட்டில் மருத்துவம் பயிலவும் நீட் தேர்ச்சி கட்டாயம். 2021இல் அத்தேர்வில் தகுதி பெற்றோர் ஏறத்தாழ 8,70,000 பேர். நாட்டில் இருந்த எம்.பி.பி.எஸ். இடங்களோ சுமார் 90,000. பத்துப் பேருக்கு ஓர் இடம் என்ற நெருக்கடியில் முன்வரிசையை மதிப்பெண் தீர்மானிக்கிறது, ஐயமில்லை. அதற்குப் பின்? தனியார் கல்லூரியின் நிர்வாக ஒதுக்கீட்டிலும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களிலும், தரவரிசையில் மிகப் பின்தங்கியவரும் பணமிருந்தால் இடம் பெறுகிறார். அங்கே ஆண்டுக் கட்டணம் பன்னிரண்டு இலட்சத்தையும் இருபது இலட்சத்தையும் தாண்டுகிறது. உக்ரைனில் ஆறாண்டுப் படிப்பு முழுவதற்கும் ஏறத்தாழ அவ்வளவே செலவாயிற்று. ஒரே மதிப்பெண் பெற்ற இருவரில் ஒருவர் இங்கே மருத்துவர் ஆகிறார், மற்றவர் கார்கிவுக்குச் செல்கிறார் எனில், அவ்விருவரையும் பிரித்தது தகப்பனின் பணப்பையே. அதற்குத் தகுதிக் குறைவு என்று பெயர் சூட்டுவது சொல்லுக்கும் இழுக்கு, பொருளுக்கும் இழுக்கு.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. ஒற்றை மதிப்பெண்ணில் இடத்தை இழந்து, வெளிநாடு செல்லவும் வசதியற்று, வேறு படிப்புக்குச் சென்றுவிட்ட ஏழை மாணவி ஒருத்தி, ‘பணம் கொடுத்துச் சுற்றுவழியில் சென்றவருக்கு என் ஊர்க் கல்லூரியில் இடமா?’ என்று கேட்டால், அக்கேள்விக்கு முன் நாம் தலைகுனிந்துதான் நிற்க வேண்டும். வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கான தகுதித் தேர்வில் தேறுவோர் பல ஆண்டுகளாக ஐந்தில் ஒருவர் என்ற அளவிலேயே இருந்து வந்ததும் உண்மை. போரைக் காரணமாக்கித் தரம் பாராமல் கதவைத் திறந்துவிடுவது நோயாளிக்கு இழைக்கும் தீங்கு.

ஆனால், தரத்தை அளக்க வழியே இல்லாதிருந்ததா? உக்ரைனிலேயே மூன்றாமாண்டு முடிவில் ‘கிராக்’ என்னும் பொதுத்தேர்வு உண்டு. அதை ஏற்க மனமில்லையெனில், ஒவ்வோர் ஆண்டு நிலைக்கும் நம் பாடத்திட்டப்படி ஒரு தேர்வு வைத்து, தேறியவரை மட்டும் அந்தந்த ஆண்டில் சேர்க்கலாம். முதலாண்டு மாணவர் எவர் இடத்தையும் பறிக்காதபடி கூடுதல் இடங்களை உருவாக்கலாம். இது நடவாத கனவு என்பாருக்கு அரசே விடை அளித்துவிட்டது. 2023 மார்ச்சில், ஒன்றிய அரசின் வல்லுநர் குழு பரிந்துரைத்தபடி, இறுதிக் கட்டத்தில் இருந்த மாணவர்கள் இந்திய எம்.பி.பி.எஸ். இறுதித் தேர்வின் இரு பகுதிகளையும் எழுதி, பின்னர் ஈராண்டு பயிற்சி பெறலாம் என்ற ஏற்பாட்டை உச்ச நீதிமன்றம் ஏற்றது. சட்டத்தில் இல்லாத வழி ஓராண்டு கழித்து எங்கிருந்து வந்தது? மனம் இருந்தது, வழி பிறந்தது. இறுதியாண்டு மாணவர்க்குப் பிறந்த வழி, இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்க்கு ஏன் பிறக்கவில்லை என்பதே நம் வினா. அவர்களிற் பலர் ஜார்ஜியாவுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் மாறினர். சிலர் போர் நடக்கும் உக்ரைனுக்கே திரும்பினர்.

தமிழ் கற்பிப்போர் என்ற முறையில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இதை எந்த வழக்குரையிலும் நாம் காணவில்லை. மருத்துவப் படிப்பின் பிற்பகுதி நூலில் இல்லை. நோயாளியின் வாயில் இருக்கிறது. உடற்கூற்றை எந்த நாட்டிலும் ஆங்கிலத்தில் கற்கலாம். கட்டிலருகே நின்று கற்பதை அப்படிக் கற்க முடியாது. ‘நெஞ்சைக் கரிக்குது’ என்பதற்கும் ‘நெஞ்சை அடைக்குது’ என்பதற்கும் உள்ள தொலைவு சில வேளைகளில் உயிருக்கும் சாவுக்கும் உள்ள தொலைவு. ‘கிறுகிறுப்பு’, ‘குறுக்குப் பிடிப்பு’, ‘மேலுக்கு முடியலை’ ஆகியவை நம் மக்கள் தம் உடலைப் பேசும் மொழி. உக்ரைனியத்திலும் ரஷ்யத்திலும் நோயாளி சொல்வதைப் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் நின்ற மாணவருக்கு இது எப்படிக் கைவரும்? திருக்குறளின் மருந்து அதிகாரம், மருத்துவத்தின் நான்கு கூறுகளை எண்ணும்போது நோயாளியை முதலில் வைத்தது. நம் விதிகளோ, நோயாளியின் மொழி அறியாத நாட்டிலேயே முழுப் பயிற்சியையும் முடித்து வா என்று வற்புறுத்துகின்றன. பிற்பகுதிப் படிப்புக்கு மாணவரை இங்கே அழைப்பதைச் சலுகை என்பது பொருந்தாது. கல்வியின் தேவையே அதுதான்.

இடமில்லை என்று சொல்லவும் முடியாது. 2017இல் புதுக்கோட்டைக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. 2022 ஜனவரியில், அதாவது போருக்கு ஒரு மாதம் முன்பு, அண்டை மாவட்டமான இராமநாதபுரம் உட்படப் பதினொரு புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் தமிழகத்தில் திறக்கப்பட்டன. முன்னுதாரணமும் இல்லாமலில்லை. 1983 கலவரத்துக்குப் பின் கடல் கடந்து வந்த இலங்கைத் தமிழ் மாணவர்க்குத் தொழிற்கல்லூரிகளில் தமிழகம் இடம் ஒதுக்கியது. அது புதுச் சேர்க்கை, இது இடைமாற்றம், வேறுபாட்டை அறிவோம். எனினும் போரில் சிதறிய படிப்பைத் தாங்கிப் பிடிப்பது அரசின் கடமை என்ற எண்ணம் இம்மண்ணுக்கு அயலானதன்று.

ஆகவே நாம் வேண்டுவது இது. போர், கொள்ளைநோய் ஆகியவற்றால் படிப்பு முறிந்தோர்க்கு, ஆண்டுவாரியான தகுதித் தேர்வின் வழியே, கூடுதல் இடங்களில் சேர்க்கை தரும் நிரந்தர விதி ஒன்று வேண்டும். கட்டணம் செலுத்தும் ஆற்றல் அச்சேர்க்கைக்கு அளவுகோலாக இருத்தல் கூடாது. அப்படிச் சேர்வோர், மருத்துவர் வரத் தயங்கும் கடலோர, சிற்றூர் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சில ஆண்டுகள் பணியாற்ற வேண்டும் என்று நிபந்தனை விதிக்கலாம். இடம் கிடைக்காமற்போன அந்த ஏழை மாணவிக்கு நாம் சொல்லக்கூடிய விடையும் இதில்தான் இருக்கிறது: அவள் இழந்த இடத்தை இன்னொருவர் எடுத்துக்கொள்ளவில்லை, அவள் ஊருக்கு ஒரு மருத்துவர் வருகிறார். இவ்விதியை அடுத்த போருக்கு முன்பே எழுதி வைப்பது நல்லது. விமான நிலையத்தில் பூச்செண்டோடு நிற்கும் வேளையில் சட்டப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருத்தல் ஓர் அரசுக்கு அழகன்று.