கூடாரத்தின் கூரை தோல்

“தகசுத்தோல்னா என்னா தோலுங்கய்யா?”

எங்க தாத்தா ஒரு பிரசங்கியாரிடம் கேட்ட கேள்வி இது. திண்டுக்கல்லில் நடந்த நற்செய்திக் கூட்டம். மேடையில் ஆசரிப்புக் கூடாரத்தின் படத்தைத் துணியில் வரைந்து தொங்கவிட்டிருந்தார்கள். பிரசங்கியார் கையில் குச்சியோடு ஒவ்வொன்றாகத் தொட்டு விளக்கினார். வாசல் கிறிஸ்து. வெண்கலப் பலிபீடம் சிலுவை. தண்ணீர்த் தொட்டி பாவக் கழுவுதல். மேசைமேல் இருக்கும் பன்னிரண்டு அப்பங்கள் ஜீவ வசனம். ஏழு அகல் கொண்ட பொன் விளக்கு பரிசுத்த ஆவி. தூபபீடம் ஜெபம். திரைச்சீலை இயேசுவின் சரீரம். அதற்குள்ளே உடன்படிக்கைப் பெட்டி, கிருபாசனம், கேருபீன்கள். கூட்டம் அல்லேலூயா போட்டது.

கூரைக்கு வந்ததும் குச்சி வேகமாக நகர்ந்தது. அடியில் மெல்லிய பஞ்சுநூல் விரிப்பு, அதன்மேல் ஆட்டுமயிர் விரிப்பு, அதன்மேல் சிவப்புச் சாயம் ஏற்றிய ஆட்டுக்கடாத் தோல், எல்லாத்துக்கும் மேலே தகசுத்தோல். சிவப்பு என்றால் இரத்தம், தகசுத்தோல் என்றால் உலகத்தார் கண்ணுக்கு அழகில்லாத இயேசு. அவ்வளவுதான், அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

கூட்டம் முடிந்ததும் தாத்தா கேட்டது அதைத்தான். பிரசங்கியாருக்குத் தெரியவில்லை. தெரியாதது குற்றமில்லை, எபிரேய மொழி படித்த அறிஞர்களுக்குள்ளேயே அந்த ஒரு சொல்லில் ஒத்த கருத்து கிடையாது. கடற்பசு என்பார் ஒருவர், ஓங்கில் என்பார் இன்னொருவர், அது தோலுக்கு ஏற்றிய சாயத்தின் பெயர் என்பாரும் உண்டு. ஆனால் தாத்தா அடுத்துக் கேட்டதுக்கு எபிரேயம் தேவையில்லை.

“அத ஊறப்போட்டு, மசுரெடுத்து, பதம்போட்டவன் யாருங்கய்யா? அவன உள்ள விட்டாகளா?”

பிரசங்கியார் சிரித்தார், கும்பிட்டார், காரில் ஏறிப் போய்விட்டார்.

தாத்தா திண்டுக்கல் தோல் ஷாப்பில் முப்பது வருசம் நின்றவர். சுண்ணாம்புக் குழியில் ஊறிய தோலை இழுத்துப் போட்டு மயிர் வழித்து, சவ்வு சீவி, ஆவாரம்பட்டைத் தண்ணியில் மாத்தி மாத்திப் போட்டவர். விரலிடுக்கெல்லாம் சுண்ணாம்பு தின்ற புண். எத்தனை சோப்பு போட்டாலும் போகாத வாடை. இந்த ஊர்த் தோல் கடல் தாண்டிப் போய்ச் சீமையில் செருப்பாகவும் பையாகவும் ஆனது. தோலுக்குத் தீட்டு இல்லை. பதம்போட்ட கைக்குத்தான் தீட்டு. அந்தத் தொழிலாளிகள் சங்கம் வைத்து நின்ற கதையை டி. செல்வராஜ் ‘தோல்’ நாவலாக எழுதினார். 2012-இல் அதற்குச் சாகித்திய அக்காதெமி விருது கிடைத்தது. இலக்கியத்துக்குள் எங்க தோல் நுழைந்துவிட்டது. கோயிலுக்குள்தான் இன்னும் சரியாக நுழையவில்லை.

யாத்திராகமத்தை நம் கண்ணால் ஒருமுறை வாசித்துப் பார்ப்போம். பொன் என்றால் தெய்வீகம், வெள்ளி என்றால் மீட்பு, வெண்கலம் என்றால் நியாயத்தீர்ப்பு என்று பாடம் சொல்கிறார்கள். சரி, அந்தப் பொன் எங்கிருந்து வந்தது? எகிப்தில் செங்கல் அறுத்த அடிமைகள் புறப்படும்போது எகிப்தியரிடம் கேட்டு வாங்கிய பொன் அது. தலைமுறை தலைமுறையாகக் கொடுக்காமல் வைத்திருந்த கூலி என்றே நான் வாசிக்கிறேன். ஆட்டுமயிரைத் திரித்தவர்கள் பெண்கள். தண்ணீர்த் தொட்டி, பெண்கள் கொடுத்த வெண்கலக் கண்ணாடிகளால் வார்த்தது. பலகைகள் சீத்திம் மரம். நம்ம வேலமரத்துக்குச் சொந்தக்கார மரம், பாலைவனத்து முள்மரம். கூரையோ தோல்.

அஸ்திவாரத்தைப் பாருங்கள். பலகைகளையும் திரைச்சீலைத் தூண்களையும் தாங்கியது வெள்ளிப் பாதங்கள், மொத்தம் 100. அந்த வெள்ளி, தலைக்கு அரைச் சேக்கல் என்று எண்ணி வாங்கியது. பணக்காரன் கூடக் கொடுக்கக் கூடாது, ஏழை குறைத்துக் கொடுக்கக் கூடாது என்பது கட்டளை (யாத்திராகமம் 30:15). அதாவது கடவுளின் வீடு தரையில் ஊன்றி நின்றதே எல்லாரும் சமமாகக் கொடுத்த காசின் மேல்தான். எங்க ஊர்த் திருவிழாவில் ‘நீங்க வரி கொடுக்க வேண்டாம்’ என்று எங்க தெருவை ஒதுக்குகிறார்களே, அது இரக்கம் இல்லை தோழர்களே. வரி வாங்கினால் தேர் எங்க தெருவுக்கு வரவேண்டும். அந்தப் பயம்தான். இந்த அரைச் சேக்கலுக்கு ‘ஆன்மிக அர்த்தம்’ சொல்லும் பிரசங்கியார், அதன் சமூக அர்த்தத்தை ஏன் முழுங்குகிறார்?

நாம் ஏமாறவும் கூடாது. அந்தக் கூடாரம் சமத்துவபுரம் இல்லை. பிராகாரம் வரை சனங்கள், பரிசுத்த ஸ்தலத்துக்குள் ஆசாரியர், மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் வருசத்தில் ஒரே நாள் தலைமை ஆசாரியர். உடலில் ஊனம் உள்ளவன் ஆரோன் வம்சமே ஆனாலும் பலிபீடத்தை நெருங்கக் கூடாது என்கிறது லேவியராகமம். ‘சபை முழுக்கப் பரிசுத்தம்தானே, நீங்கள் மட்டும் ஏன் உசந்து நிற்கிறீர்கள்?’ என்று கேட்ட கோராகைப் பூமி விழுங்கியதாக எண்ணாகமம் 16-ஆம் அதிகாரம் சொல்கிறது. ஒரு தலித் வாசகன் அந்த அதிகாரத்தை வாசிக்கும்போது கோராகின் பக்கம்தான் நிற்பான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் கிறிஸ்தவம் என்ன சொல்லிக்கொண்டு இங்கே வந்தது? இயேசு உயிர்விட்டபோது திரைச்சீலை மேலிருந்து கீழாக இரண்டாகக் கிழிந்தது என்று (மத்தேயு 27:51). கிழிந்ததை இங்கே தைத்தது யார்? துணியாகக்கூட இல்லை, செங்கல்லாக வைத்துக் கட்டினார்கள். புதுச்சேரிக் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டவர்களைப் பிரித்து நின்ற சுவரையும், அவர்கள் போய் முறையிட்டு அது இடிபட்டதையும் 1745-இல் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். வடக்கன்குளத்தில் இரண்டு சாதிக்கு இரண்டு பக்கமாகக் கட்டிய கோயிலின் பிரிப்புச் சுவர் 1910-இல்தான் விழுந்தது. திண்டுக்கல் 2003-இல் தனி மறைமாவட்டம் ஆகும்வரை திருச்சிக்குக் கீழே இருந்தது. அந்தத் திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் பிணத்துக்கும் பிணத்துக்கும் நடுவே சுவர். எறையூரில் தலித்துகள் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச்சில் அது கலவரமாகி, துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போனது.

‘காலங்காலமான வழக்கம், மெதுவாத்தான் மாத்தணும்’ என்பார்கள். 1835-இல் திண்டுக்கல்லில் நிலையம் வைத்த அமெரிக்க மதுரை மிஷன், 1847-இல் தன் உபதேசியார்களைச் சாதியை விடச் சொன்னது. எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட மாட்டேன் என்றவர்களை நிறுத்தியது. வேலையாட்கள் குறைவார்கள் என்று தெரிந்தே செய்தது. அதனால் சாதி ஒழிந்துவிடவில்லை. ஆனால் முடியாத காரியம் இல்லை என்பதற்கு இந்த மண்ணிலேயே சாட்சி இருக்கிறது.

‘ஆன்மிக அர்த்தம்’ என்ற இந்த விளையாட்டுக்கு நாம் கொடுக்கும் விலை என்ன என்பதையும் சொல்லியாக வேண்டும். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவர் பட்டியல் சாதி ஆக முடியாது என்றது. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரைச் சேர்க்கவில்லை. சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்த சூசை, மற்றத் தொழிலாளிகளுக்குக் கொடுத்த இலவசக் கடைப்பெட்டி தனக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் போனார். கிறிஸ்தவத்துக்குள்ளும் அதே அளவு கொடுமை தொடர்வதற்கு ஆதாரம் போதாது என்று 1985-இல் தள்ளிவிட்டார்கள். தோலைத் தொட்ட இன்னொரு கை, வெளியே நிறுத்தப்பட்டது.

ஆதாரம் ஏன் போதாமல் போனது? மேடையில் சுவரைப் பேசாமல் திரைச்சீலையைப் பேசிக்கொண்டிருந்ததால்தான். 2016-இல் கத்தோலிக்க ஆயர் பேரவையே தலித் மேம்பாட்டுக் கொள்கை வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. முப்பத்தொரு வருசம் பிந்தி வந்த சாட்சி.

தாத்தா செத்தபோது எங்க ஊர்க் கல்லறைக்கு ரெண்டு வாசல் இருந்தது. பெரிய வாசலில் பூட்டு. நல்ல திண்டுக்கல் பூட்டு. ‘சாவி யார்கிட்ட இருக்குன்னு தெரியலயே’ என்றார்கள். பின்பக்க வாசல் வழியாக, ஓடை ஓரமாகத் தூக்கிக்கொண்டு போனோம். ஜெபம் பண்ண வந்தவர் பரலோக வாசல் திறந்திருக்கிறது என்று ஆறுதல் சொன்னார். இந்த வாசலைத் திறக்கச் சொல்லி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆகவே சாமியார்களே, ஐயர்மார்களே, பிரசங்கியார்களே: அடுத்தமுறை கூடாரப் படத்தை விரிக்கும்போது கூரையிலிருந்து ஆரம்பியுங்கள். மழைக்கும் வெயிலுக்கும் உங்கள் பொன்னையும் பொன்விளக்கையும் காத்தது தோல். அதைப் பதம்போட்டவன் பேரனும் பேத்தியும் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறோம். எங்களுக்கு அர்த்தம் சொல்ல வேண்டாம். சாவியைக் கொடுங்கள். கொடுக்க மனசில்லை என்றால் சொல்லிவிடுங்கள். பூட்டு உடைக்கவும் எங்க ஊருக்குத் தெரியும்.