முதலில் மூடி, பிறகு தீக்குச்சி, கடைசியில் காஸ்!

என் நாத்தனாரைக் கள்ளக்குறிச்சியில் கொடுத்திருக்கிறது. சென்ற பொங்கலுக்கு அங்கே போயிருந்தோம். காணும் பொங்கலன்று குழந்தை குட்டிகளுடன் ஒரு வேன் பிடித்துக்கொண்டு கல்வராயன் மலைக்குக் கிளம்பினோம். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை எட்டிப் பார்த்துவிட்டு, வளைந்து வளைந்து ஏறினால் வெள்ளிமலை. ஏறியதும் முகத்தில் ஜில்லென்று காற்று.

புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போகிற காலம் மலையேறிவிட்டது! நாத்தனாரின் மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். அவன் ஒரு புதுச் சாமான் கொண்டு வந்திருந்தான். பார்வைக்கு மூடி போட்ட இரும்புப் பெட்டி. உள்ளே காஸ் எரிகிற குழாய். அதன் மேல் கம்பித் தட்டு. மசாலா தடவிய கோழித் துண்டுகளைப் பரப்பினால் பதமாகச் சுட்டுக் கொடுக்குமாம். 'பார்பெக்யூ' என்று பெயர்.

அருவிக் கரையில் வைத்துச் சுடலாம் என்றான் பையன். "காட்டுக்குள் நெருப்பு மூட்டக் கூடாது, சட்டம் இருக்கிறது" என்று அவன் அப்பா தடுத்துவிட்டார். வெள்ளிமலையில் அவருக்குத் தெரிந்த ஓர் ஆயாவிடம் கேட்டு, அவள் வீட்டு வாசலில் இறக்கினோம்.

"அத்தை, நீங்கள் நிம்மதியாக உட்காருங்கள். இரண்டே நிமிஷம்!" என்றான்.

மூடியைத் திறக்காமலே காஸைத் திருப்பினான். பொத்தானை அழுத்தினான், பற்றவில்லை. மறுபடியும் அழுத்தினான். பிறகு தீப்பெட்டியை எடுத்தான். மலைக் காற்றில் இரண்டு குச்சிகள் அணைந்தன. இவ்வளவு நேரமும் காஸ் திறந்தபடியே இருந்தது. மூன்றாவது குச்சியை உரசி மூடியைத் தூக்கினானோ இல்லையோ, 'குப்' என்று ஓர் ஆள் உயரத்துக்குச் சுவாலை எழுந்தது. அவன் அப்பா பாய்ந்து சிலிண்டரை மூடினார். புருவமும் முன்தலை முடியும் பொசுங்கின. கண் தப்பியது, தெய்வச் செயல்!

ஆயா ஓடி வந்து பார்த்தாள். "விறகா இருந்தா புகையைப் பாத்துக் கண்டுக்கலாம் சாமி. இது கண்ணுக்குத் தெரியாத நெருப்பாச்சே" என்றாள்.

இதைவிடச் சுருக்கமாக யாரால் சொல்ல முடியும்? நமக்குப் புகையைத் தெரியும். அது மேலே போகும். அதே நினைப்பில்தான் காஸும் கசிந்தால் பறந்துவிடும் என்று எண்ணுகிறோம். சமையல் காஸ் காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. அது தண்ணீரைப் போல இறங்கி, பள்ளத்தில் தேங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே பற்றிக்கொள்ளும். இயற்கையில் அதற்கு வாசனை கிடையாது. நம்மை எச்சரிக்கவே 'எதில் மெர்காப்டன்' என்ற நாற்றப் பொருளைச் சேர்த்து அனுப்புகிறார்கள். ஆகவே அந்த நாற்றத்தை அலட்சியம் செய்யாதீர்கள்.

பயணத்தில் காஸ் என்றால் எனக்கு மதுரைதான் நினைவுக்கு வருகிறது. 2023 ஆகஸ்டு 26 அன்று விடியற்காலை, மதுரை நிலையத்தில் நிறுத்தியிருந்த ஒரு சுற்றுலா ரெயில் பெட்டி தீப்பிடித்தது. லக்னோவிலிருந்து யாத்திரை வந்தவர்கள், விதியை மீறிக் கொண்டுவந்த சிலிண்டரைப் பெட்டிக்குள் வைத்து அடுப்பு மூட்டியதுதான் காரணம் என்றார்கள். 9 பேர் மாண்டார்கள். ஒரு வாய் தேநீருக்கு என்ன விலை, பாருங்கள்!

ஆகவே, வெளியூரில் காஸ் அடுப்பு மூட்டுகிறவர்கள் இவற்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்:

வண்டிக்குள்ளோ, கூடாரத்திலோ, அடைத்த தாழ்வாரத்திலோ மூட்டாதீர்கள். வெடிப்பது ஒரு பயம். நாற்றமே இல்லாத கார்பன் மோனாக்ஸைடு மூச்சைப் பறிப்பது இன்னொரு பயம். சமதளமான, திறந்த வெளியே நல்லது. பள்ளம் வேண்டாம். சிலிண்டர் நிமிர்ந்து நிற்கட்டும், படுக்க வைக்காதீர்கள்.

குழாயைப் பொருத்தியதும் இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவுங்கள். குமிழி கிளம்பினால் கசிவு இருக்கிறது. தீக்குச்சியைக் காட்டிச் சோதிப்பது வேண்டவே வேண்டாம்.

மூட்டும்போது முதலில் மூடியைத் திறங்கள். குச்சியை உரசி எரிவாயருகே பிடித்துக்கொண்டு, அதன் பிறகே காஸைத் திருப்புங்கள். முகம் பின்னாலேயே இருக்கட்டும். ஐந்து விநாடியில் பற்றவில்லையா? காஸை மூடிவிட்டு, பெட்டியைத் திறந்தபடி ஐந்து நிமிஷம் சும்மா இருங்கள். அந்த ஐந்து நிமிஷப் பொறுமை இல்லாமல்தான் நம் பையன் புருவத்தைப் பறிகொடுத்தான்.

புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். பருத்திப் புடவையே உத்தமம். கொழுப்பு சொட்டித் தீ எழும்பினால் தண்ணீர் ஊற்றாதீர்கள். துண்டுகளை நகர்த்தி, காஸைக் குறையுங்கள். பச்சைக் கறி வைத்த தட்டிலேயே சுட்டதையும் வைக்காதீர்கள். கோழியின் உட்சதையில் சிவப்பு தெரிந்தால் இன்னும் வேகவில்லை என்று அர்த்தம்.

முடித்ததும் சிலிண்டரை முதலில் மூடுங்கள். குழாயில் மிஞ்சியது எரிந்து அணைந்த பிறகு அடுப்பின் திருகைத் திருப்புங்கள்.

சுட்டுவிட்டால் ஓடுகிற குளிர்ந்த நீரில் இருபது நிமிஷம் காட்டுங்கள். பற்பசையும் மையும் பூசாதீர்கள். கசிவு நாற்றம் வந்தால் எந்த விளக்கு ஸ்விச்சையும் தொடாமல், கதவு ஜன்னலைத் திறந்து, சிலிண்டரை மூடிவிட்டு, வெளியே வந்து 1906-க்குத் தொலைபேசியில் சொல்லுங்கள்.

அன்று அரைமணி கழித்து, சொன்னபடி மூட்டி, கோழி சுட்டுச் சாப்பிட்டோம். ஆயா கொடுத்த சாமைச் சோறும் சேர்ந்தது. "கோழியைவிட என் பிள்ளை புருவம்தான் பதமாகச் சுட்டிருக்கிறது, அண்ணி!" என்று நாத்தனார் சிரித்தாள். சிரிக்கக் கொடுத்து வைத்திருந்தோம். எல்லாருக்கும் அப்படி வாய்ப்பதில்லை.

மலைக்குப் போகாதவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. இதைப் படித்து முடித்ததும் உங்கள் அடுப்படிக்குப் போய்க் காஸ் குழாயின் மேல் அச்சிட்டிருக்கும் தேதியைப் பாருங்கள். ஐந்து வருஷம் ஆகிவிட்டதா? நாளைக்கே மாற்றிவிடுங்கள்.