புது மாத்திரைக்கு முன்னால் மைக்ராஸ்கோப்

அல்பெண்டசோலையும் ஐவர்மெக்டினையும் ஒரே மாத்திரையில் சேர்த்த கூட்டு மருந்துக்கு ஐரோப்பிய மருந்து முகமையின் வல்லுநர் குழு 2025 ஜனவரியில் பச்சைக்கொடி காட்டியது. ஐரோப்பாவில் விற்பதற்காக அல்ல, புழுத்தொற்று உள்ள நாடுகளின் திட்டங்களுக்காக. நம் குடற்புழு நீக்க முகாமுக்கு அது வந்தால் என்ன சொல்லப்போகிறோம் என்று வாசகர்கள் கேட்கிறார்கள். மாத்திரையை வரவேற்கிறோம். மலத்தைப் பார்க்காமல் அதைக் கொடுக்கத் தொடங்குவதை எதிர்க்கிறோம்.

வரவேற்கக் காரணம் உண்டு. எத்தியோப்பியா, கென்யா, மொசாம்பிக் நாடுகளில் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில் தனி அல்பெண்டசோலுக்குச் சாட்டைப்புழு 36 சதவீதம் பேரிடம்தான் போனது. கூட்டு மாத்திரை ஒரு வேளைக்கு 83, மூன்று நாள் கொடுத்தபோது 97. கொக்கிப்புழுவுக்கு இதே வரிசையில் 65, 80, 95. ஐவர்மெக்டின் 9, 18 மி.கி. என இரண்டு அளவில் வருவது, 5 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பழைய மாத்திரையே தொடர்வது, கர்ப்பிணிகளைத் தவிர்ப்பது எல்லாம் முகாமுக்கு முந்தைய பயிற்சியில் பேசித் தீர்த்துக்கொள்ளக்கூடியவை.

ஆனால் சாட்டைப்புழு நம் முதல் தலைவலி அல்ல. ஜவ்வாது மலைப் பழங்குடி ஊர்களில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக் குழு நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில் கொக்கிப்புழு 38 சதவீதம். மற்றவை மிகச் சொற்பம். ஐவர்மெக்டின் சேர்வதால் நமக்குப் புதிதாகக் கிடைப்பது ஸ்ட்ராங்கிலாய்டிஸ் புழு மீது ஒரு பிடி. ஒற்றை வேளை அல்பெண்டசோல் அதைப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. பள்ளி வயதுப் பிள்ளைகளில் அதன் பரவல் 5 சதவீதத்தை எட்டினால் 5 வயது நிறைந்த எல்லோருக்கும் ஆண்டுக்கொரு முறை ஐவர்மெக்டின் கொடுக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டி. சரி, நம் வட்டாரங்களில் அந்த 5 சதவீதத்தை அளந்தவர் யார்?

மலத்தைப் பூசி முட்டை எண்ணும் காட்டோ-காட்ஸில் அந்தப் புழு சிக்காது. முட்டை குடலுக்குள்ளேயே பொரிந்து லார்வாவாகத்தான் வெளியே வருகிறது. பேர்மன் முறை வேண்டும்: ஒரு புனல், ரப்பர் குழாய், கிளிப், சல்லாத்துணி, வெதுவெதுப்பான தண்ணீர், அன்று காலை எடுத்த மலம், ஓரிரண்டு மணி நேரம். இதில் நம்மால் வாங்க முடியாத பொருள் எது?

மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் நான் இருந்த காலத்தில் ஐம்பதைத் தாண்டிய விவசாயத் தொழிலாளி ஒருவர் இளைப்புக்காக வருவார். வெளியே ஸ்டீராய்டு ஊசி போட்டுப் போட்டுப் பழகியவர். ஒருமுறை இளைப்போடு வயிற்றுவலியும் பேதியும் சேர்ந்துகொண்டன. லேப் அக்கா, நான் எழுதிக் கொடுக்காமலேயே, ஒரு சொட்டு சலைனில் மலத்தைக் கரைத்து வைத்துவிட்டுக் கூப்பிட்டார். "டாக்டர், வந்து பாருங்க, ஓடுது." குறைந்த லென்ஸில் கண்ணாடி இழை மாதிரி ஒன்று, உடம்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெட்டி வெட்டி, அழுக்குத் துணுக்குகளைத் தள்ளிக்கொண்டு போனது. ஸ்லைடை நகர்த்தினால் இன்னும் இரண்டு.

பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினேன். மலத்தில் ஸ்ட்ராங்கிலாய்டிஸ் லார்வா, ஸ்டீராய்டு கொடுத்தால் பெருகிவிடும், வேண்டாம் என்று பரிந்துரைச் சீட்டில் சிவப்பு மையில் எழுதினேன். பதினோராம் நாள் அவர் இறந்துவிட்டார். அவர் மகன் கொண்டுவந்து காட்டிய காகிதத்தில் சி.டி. ஸ்கேன் இருந்தது, எக்கோ இருந்தது, ரத்தத்தில் கிராம் நெகட்டிவ் பாக்டீரியா வளர்ந்த செய்தி இருந்தது, தினமும் கொடுத்த ஸ்டீராய்டும் இருந்தது. மலப் பரிசோதனை என்ற வரியே இல்லை. என் சீட்டை யாரும் பிரித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அந்த லேபில் மலத்துக்கென்று தனிப் பதிவேடு இருந்தது. இன்று எத்தனை நிலையங்களில் இருக்கிறது? லேப் நுட்புநரின் காலைப்பொழுது சர்க்கரையிலும் சளியிலும் காய்ச்சல் ரத்தத்திலும் கழிந்துவிடுகிறது. மோஷன் டெஸ்ட் என்றால் நோயாளி கூச்சப்படுகிறார். எழுதிக் கொடுக்கும் பழக்கம் நமக்கும் விட்டுப்போயிற்று. அந்தத் தவறு நம்முடையது. ஆனால் பழக்கம் விட்டுப்போகும்படி திட்டத்தை வகுத்தவர்களுக்கு அதில் பங்கில்லையா? 2015 முதல் படிவம் நிரப்பிக்கொண்டிருக்கிறோம். மாத்திரை எத்தனை வந்தது, எத்தனை பிள்ளைகள் தின்றார்கள், விடுபட்டோர் நாளில் எத்தனை பேர், வாந்தி மயக்கம் எத்தனை. எத்தனை பேர் மலத்தில் முட்டை இருந்தது, மாத்திரைக்குப் பிறகு எவ்வளவு குறைந்தது என்று நிலையத்தைக் கேட்கும் கட்டத்தை நான் கண்டதில்லை. பின்னாளில் வேறொரு நிலையத்தில் நாங்களாகவே நாற்பது பேருக்கு முன்னும் பின்னும் முட்டை எண்ணி அந்தக் கணக்கை மேலே அனுப்பினோம். 'இவ்விவரம் கோரப்படவில்லை' என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. இலக்குச் சதவீதம் குறைந்தால் விளக்கம் கேட்டு மெமோ வருகிறது. புழு போயிற்றா என்று கேட்டு மெமோ வந்ததாக யாருக்காவது நினைவிருக்கிறதா? தேசிய அளவில் மாதிரிக் கணக்கெடுப்பு நடந்தது உண்மைதான். அதிலிருந்து ஓர் எண்ணாவது நம் வட்டாரத்துக்கு இறங்கி வந்ததா?

பார்க்காமல் முடிவெடுத்தால் கோடு எங்கே வேண்டுமானாலும் விழும். தமிழ்நாட்டில் 20 முதல் 30 வயதுப் பெண்களையும் முகாமில் சேர்த்தது நல்ல காரியம். 30இல் ஏன் நிறுத்தினார்கள்? கொக்கிப்புழுச் சுமை வயதோடு ஏறும் என்பது இந்த இதழைப் படிக்கும் எவருக்கும் தெரியும். வாழைத்தோட்டத்தில் வெறுங்காலோடு களை வெட்டும் 45 வயதுப் பெண் ஹீமோகுளோபின் 6 என்று வந்து நிற்கிறார். இரும்புச்சத்து மாத்திரையை வாங்கிக்கொண்டு போகிறார். மூன்று மாதம் கழித்து அதே 6.

மருந்து எதிர்ப்பும் இருக்கிறது. செம்மறியாட்டுப் புழுக்களிடம் அல்பெண்டசோலின் இனமான பென்சிமிடசோல் தோற்று வெகு காலம் ஆயிற்று, ஐவர்மெக்டினும் தோற்றுவருகிறது. கால்நடை மருத்துவர்களுக்கு அது தெரிந்தது, மருந்துக்கு முன்னும் இரண்டு வாரம் கழித்தும் புழுக்கையில் முட்டை எண்ணியதால். நம் பிள்ளைகளுக்கு இரண்டு மருந்தையும் ஒன்றாகச் சேர்த்துக் கொடுக்கப்போகிறோம். அந்த எண்ணிக்கை இவர்களுக்கு வேண்டாமா? மறுதொற்றும் அப்படித்தான். எந்தத் தெருவில் செருப்பும் கழிப்பறையும் பலன் தந்திருக்கின்றன, எந்தத் தெருவில் கழிப்பறை கட்டிய பிறகும் பிள்ளைகள் ஓடைக்கரைக்கே போகிறார்கள் என்பதை ஆறு மாதம் கழித்துப் பார்க்கும் மலம் காட்டிக் கொடுக்கும். கட்டிய கழிப்பறைகளின் எண்ணிக்கை காட்டாது.

எனவே, கூட்டு மாத்திரை ஒரு மாவட்டத்துக்குள் வருமுன் அங்கே சில பள்ளிகளிலாவது காட்டோ-காட்ஸும் பேர்மனும் நடக்க வேண்டும். மாத்திரைக்குப் பின் 14 முதல் 21 நாளுக்குள் மறுபடியும் பார்க்க வேண்டும். முடிவு அந்த வட்டார மருத்துவ அலுவலரின் மேசைக்கு வர வேண்டும். தோட்டத்திலும் வயலிலும் வேலை பார்ப்பவருக்கு நீண்டநாள் ஸ்டீராய்டு தொடங்குமுன் மலம் பார்ப்பதற்கு யாருடைய ஆணையும் தேவையில்லை. அதை நாளைக் காலை புறநோயாளிகள் பிரிவிலேயே தொடங்கலாம்.

வாசகர்கள் தங்கள் நிலையத்து லேப் பதிவேட்டைத் திறந்து இரண்டே எண்களை இதழுக்கு எழுதி அனுப்புங்கள்: கடந்த 12 மாதத்தில் எத்தனை மலப் பரிசோதனை நடந்தது, எத்தனையில் முட்டையோ லார்வாவோ தெரிந்தது. பூஜ்யம் என்றாலும் அனுப்புங்கள். ஆகஸ்ட் முகாமுக்கு முன் அவற்றைத் தொகுத்து, கோரப்படாவிட்டாலும், மேலே அனுப்பி வைக்கிறோம்.