அடைத்த பல் ஏன் கூசுகின்றது?



ஆரணியிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் என் மேசைமீது இருக்கின்றது. பட்டுச் சேலைக்குப் பெயர்பெற்ற ஆரணி அன்று. திருவள்ளூர் மாவட்டத்தில், பெரியபாளையத்துக்கு அருகே, ஆரணியாற்றை ஒட்டிய ஆரணி. கணவருக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு வேலை. இவருக்குக் கீழ்த்தாடையில் இரண்டு கடைவாய்ப் பற்கள் சொத்தையாகி, அவற்றை அடைத்து 12 நாட்களாகின்றன. அடைப்பதற்கு முன் இல்லாத கூச்சம் இப்போது வந்துவிட்டதாம். ஸுபுஹ் தொழுகைக்கு உளூச் செய்ய வாயில் தண்ணீர் எடுத்ததும் சுரீரென்று தலைவரை ஏறுகின்றதாம். மூன்று முறை கொப்பளிப்பது சுன்னத்தாயிற்றே என்று கண்களை மூடிக்கொண்டு கொப்பளிக்கின்றார். "அன்றே பிடுங்கித் தொலைத்திருக்கலாம்" என்கின்றார் மாமியார். பல்லில் சிமெண்ட் இருந்தால் கடமையான குளிப்பு நிறைவேறாது என்று அக்கம்பக்கத்தில் ஒருவர் வேறு சொல்லிவிட்டார். "பொறுத்துக்கொள்ளவா, பிடுங்கிவிடவா?" என்று கேட்கின்றார் சகோதரி.

பிடுங்க வேண்டாம். பொறுமையும் நாட்களை எண்ணிக்கொண்டு காக்கும் பொறுமையாக இருக்கட்டும்.

பல்லின் மேற்பூச்சான எனாமலுக்கு உணர்ச்சி கிடையாது. அதற்கு அடியிலுள்ள டென்டின் என்னும் பகுதியில், கண்ணுக்குத் தெரியாத பல்லாயிரம் நுண்குழாய்கள் நடுவிலுள்ள பற்கூழை நோக்கி ஓடுகின்றன. இரத்தக் குழாய்களும் நரம்புகளும் பற்கூழில்தான் உள்ளன. நுண்குழாய்களில் இருக்கும் நீர் குளிர்ச்சி பட்டதும் அசைகின்றது. அந்த அசைவு நரம்பைச் சுண்டுகின்றது. 1960களில் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் பிரான்ஸ்ட்ரோம் தந்த விளக்கம் இதுவே. இன்றும் பெரும்பாலோர் ஏற்பதும் இதையே. சொத்தையைக் குடைந்தெடுக்கும்போது எந்திரத்தின் சூடும் அதிர்வும் பற்கூழைச் சற்றே வீங்கச் செய்கின்றன. பல் நிறத்தில் அடைக்கும் காம்போசிட், ஒளி பட்டு இறுகும்போது சிறிது சுருங்குவதும் கூச்சத்துக்கு ஒரு காரணம். வெள்ளி நிற அடைப்பு உலோகமாகையால் சூட்டையும் குளிரையும் விரைவாக உள்ளே கடத்திவிடுகின்றது. ஆகவே அடைத்த பல் கூசினாலே டாக்டர் பல்லைக் கெடுத்துவிட்டார் என்று முடிவு கட்டுவது நியாயமன்று.

பெரும்பாலும் இக்கூச்சம் சில நாட்களிலிருந்து இரண்டு வாரங்களுக்குள் அடங்கும். சொத்தை ஆழமாக இருந்திருந்தால் நான்கு வாரங்கள்கூட ஆகலாம். முதல் வாரத்தைவிட இரண்டாம் வாரத்தில் குறைந்திருக்கின்றதா என்று பாருங்கள். குளிர்ந்த நீர் பட்டுச் சுரீரென்று வந்த வலி ஓரிரு நொடிகளில் மறைந்துவிட்டால், பல் தேறி வருகின்றதென்று பொருள்.

குளிர்ச்சியைவிடக் கடிக்கும்போதுதான் அதிகம் வலிக்கின்றதா? வாயை மூடினால் அடைத்த பல்தான் முதலில் எதிர்ப்பல்லில் முட்டுகின்றதா? அப்படியானால் அடைப்பு இம்மியளவு உயரமாகிவிட்டது. மரத்துப்போன வாயோடு நாற்காலியில் அமர்ந்து கடித்துக் காட்டும்போது, அந்த உயரம் உங்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாமல் போகலாம். இதற்காகக் காத்திருப்பதில் பயனில்லை. திரும்பச் சென்றால், வண்ணக் காகிதத்தைக் கடிக்கச் செய்து, மேடான இடத்தைச் சில நிமிடங்களில் தேய்த்துவிடுவார்கள். அநேகமாக ஓரிரு நாட்களில் வலி அடங்கிவிடும். இந்தச் சிறு வேலைக்குக் கூச்சப்பட்டுக்கொண்டு மாதக்கணக்கில் ஒரே பக்கமாக மென்றுகொண்டிருக்கும் பெண்கள் நம் வீடுகளில் எத்தனை பேர்! "அவரிடம் போய்க் குறை சொல்வதா?" என்னும் தயக்கந்தான். இது குறை சொல்வதன்று. சிகிச்சையின் ஒரு பகுதி.

உளூவுக்கு வருவோம். வெந்நீரில் உளூச் செய்யத் தடையேதும் இல்லை. கொப்பளிக்க ஒரு செம்பு வெதுவெதுப்பான நீரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்று முறையும் நிறைவேறும், பல்லும் நோகாது. ரமளானில் இன்னொரு தொல்லை உண்டு. நோன்பு திறந்தவுடன் ஐஸ் போட்ட சர்பத், அதன்மேல் கொதிக்கக் கொதிக்க நோன்புக் கஞ்சி என்று இரண்டையும் அடுத்தடுத்துப் பெற்றால் நல்ல பல்லே கூசும். புதிதாக அடைத்த பல் என்ன செய்யும்? இரண்டையும் ஆறவிட்டே அருந்துங்கள்.

மிருதுவான பிரஷ்ஷால் மெல்லத் துலக்க வேண்டும். கூசுகின்றதென்று துலக்காமல் விட்டால் அடைப்பின் ஓரத்திலேயே மீண்டும் சொத்தை பிடிக்கும். பல் கூச்சத்துக்கென்று பொட்டாசியம் நைட்ரேட் கலந்த பற்பசைகள் கடைகளில் கிடைக்கின்றன. நாள்தோறும் பயன்படுத்தினால் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்கள் பிடிக்கும். மிஸ்வாக் செய்பவர்கள் அந்தச் சுன்னத்தை விட வேண்டியதில்லை. குச்சியின் நுனியை நன்றாக ஊறவைத்து மிருதுவாக்கிக்கொண்டு, ஈற்றைத் தேய்க்காமல் பல்லை மட்டும் தேய்த்தால் போதும்.

வலி தாங்காவிட்டால் பெரியவர்கள் பாரசிட்டமால் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றோ இரண்டோ, ஆறு மணி நேர இடைவெளியில் எடுக்கலாம். ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டலாகாது. கல்லீரல் நோயுள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம். மருந்துக்கடையில் "பல்வலிக்கு ஏதாவது கொடுங்கள்" என்று கேட்டு வாங்கும் வேறு மாத்திரைகள், வயிற்றுப் புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் தீங்கு செய்யலாம். ஆஸ்பிரினைப் பல்லிடுக்கில் அடக்கி வைக்கும் பழக்கத்தை அறவே விடுங்கள், ஈறு வெந்துபோகும். கிராம்புத் தைலத்தைக் கலப்பின்றி ஊற்றினாலும் அதே கதிதான்.

இனி, பொறுக்கக்கூடாத வலியைச் சொல்கின்றேன். குளிர்ந்த நீரை உமிழ்ந்த பின்பும் அரை நிமிடத்துக்கு மேல் வலி நீடித்தால், சூடான தேநீர் பட்டால் துடித்தால், எதுவும் படாமலேயே விண்விண்ணென்று தெறித்தால், இரவில் உறக்கத்திலிருந்து எழுப்பினால், பற்கூழ் தேறவில்லை என்று கொள்ள வேண்டும். அப்போது தேவைப்படுவது பெரும்பாலும் வேர் சிகிச்சை. அதைச் செய்துகொண்டால் பல் தப்பும். பிடுங்கினாலோ, பக்கத்துப் பற்கள் அந்த இடைவெளியில் சாயும். எதிர்ப்பல்லும் தன் இடத்தை விட்டு நீளும். வேறு வழியில்லாதபோதுதான் பிடுங்குவது. கன்னம் வீங்கிக் காய்ச்சல் அடித்தாலோ, வாய் திறக்கவும் விழுங்கவும் முடியாமற்போனாலோ, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். சீழ் கழுத்துக்கு இறங்கினால் உயிருக்கே ஆபத்து. கணவர் இரவு ஷிப்டு முடிந்து வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நீரிழிவுள்ளவர்கள் இதில் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

குளிப்பு பற்றிய ஐயத்துக்கும் விடை சொல்லியாக வேண்டும். கடமையான குளிப்பில் வாய் கொப்பளிப்பது ஹனஃபி மத்ஹபில் ஃபர்ளு. ஷாஃபிஈ மத்ஹபில் சுன்னத்து. எனவே இந்த ஐயம் ஹனஃபிகளின் வீடுகளில் எழுவது இயல்பே. ஆனால், எளிதில் கழற்ற முடியாதபடி பொருத்தப்பட்ட அடைப்பு பல்லின் பகுதியாகவே கருதப்படும், அதன்மேல் நீர் பட்டாலே குளிப்பு நிறைவேறும் என்று ஹனஃபி ஆலிம்கள் தீர்ப்பளித்துள்ளனர். குலாப் போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் பொருத்தியிருந்த வெள்ளி மூக்கு துர்நாற்றம் வீசியபோது, தங்கத்தால் செய்துகொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதித்த செய்தி அபூதாவூத், திர்மிதீ நூல்களில் உள்ளது. தங்கத்தால் பல்லைக் கட்டுவதற்கு மார்க்க அறிஞர்கள் அதையே சான்றாகக் காட்டுவர். ஆடும் பற்களைத் தங்கக் கம்பியால் கட்டும் முறையை, 1013ஆம் ஆண்டளவில் மறைந்த குர்துபா மருத்துவர் அல் ஸஹ்ராவீ தம் நூலில் விளக்கியிருக்கின்றார். பல்லைக் காப்பாற்றுவது நமக்குப் புதிய செய்தி அன்று.

ஆரணி சகோதரிக்கு 12 நாட்கள்தான் ஆகியுள்ளன. வலி ஓரிரு நொடிகளில் மறைகின்றதா என்று அவர் எழுதவில்லை. மறைகின்றதென்றால், வெதுவெதுப்பான நீரோடு இன்னும் இரண்டு வாரங்கள் பார்க்கலாம். இல்லையென்றால் முதலில் அடைத்த டாக்டரிடமே செல்ல வேண்டும். எவ்வளவு ஆழம் குடைந்தார் என்பது அவருக்குத்தான் தெரியும். வேர் சிகிச்சைக்குச் செலவாகுமே என்று அஞ்சினால், சென்னையில் கோட்டை இரயில் நிலையம் அருகே அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இருக்கின்றது. 1953இல் தொடங்கியது அது. பொன்னேரியில் இரயிலேறி சென்ட்ரலில் இறங்கினால் அதிகத் தூரமில்லை. புறநோயாளிகள் சீட்டுக்குக் காலையிலேயே போய்ச் சேருவது நல்லது. எக்ஸ்ரே இருந்தால் அதையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

அடுத்த இதழில், விழப்போகும் பால் பல்லையும் ஏன் அடைக்க வேண்டும் என்பது பற்றி எழுதுகின்றேன், இன்ஷா அல்லாஹ்.