பழகிடும் என்றார் ஸ்டோர்காரர்

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பயிற்சியாளராகச் சேர்ந்திருக்கிறான் என் அக்கா மகன். சேர்ந்த அன்றே சேஃப்டி ஷூ கொடுத்துவிட்டார்கள். இவன் காலுக்கு எட்டாம் நம்பர். ஸ்டோரில் இருந்ததோ ஏழும் ஒன்பதும். “ஏழையே போட்டுக்கோ தம்பி, ரெண்டு வாரத்துல பழகிடும்” என்றிருக்கிறார் ஸ்டோர்காரர். ஞாயிறன்று வீட்டுக்கு வந்தபோது இரண்டு குதிகாலிலும் கொப்புளம், சுண்டுவிரலில் தோலே இல்லை. “எல்லாருக்கும் அப்படித்தானாம் மாமா” என்கிறான்.

இந்தப் ‘பழகிடும்’ என்ற சொல்மீது எனக்கு நெடுநாள் கோபம் உண்டு. தோல் ஷூ கொஞ்சம் பழகும், உண்மைதான். பக்கவாட்டில் சற்று விரியும், மடங்கும் இடத்தில் இளகும். நீளத்தில் அது வளராது. சேஃப்டி ஷூவின் முனையில் இருப்பது எஃகுத் தொப்பி. 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும் என்பது அதற்கான இந்தியத் தர விதி. அதாவது ஏறக்குறைய இருபது கிலோ இரும்பு ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் விரல் தப்ப வேண்டும். அதற்கே அசையாத எஃகு, ஒரு பையனின் சுண்டுவிரலுக்காகவா நகர்ந்து கொடுக்கும்?

ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் வித்தியாசம் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, எட்டு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். இது ஆங்கிலேயர் விட்டுப்போன கணக்கு. நம் கால்களோ அகலம் கூடியவை. சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடெங்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை முப்பரிமாணக் கருவியில் அளந்து இதை உறுதி செய்தது. இந்தியக் கால்களுக்கென்று ‘பா’ என்ற புது அளவுமுறையும் அதிலிருந்து பிறந்தது. அகலம் போதாததால் நாம் நீளத்தில் ஒரு நம்பர் கூட்டி வாங்குகிறோம். பக்கவாட்டு இறுக்கம் போகிறது, குதிகால் ஆடத் தொடங்குகிறது.

ஆடினாலும் கடிக்கும். கொப்புளத்தை மேல்தோல் உரசலால் வருவது என்று நினைக்கிறோம். உள்ளே நடப்பது வேறு. வியர்த்த தோல் சாக்ஸோடு ஒட்டிக்கொண்டு நிற்க, உள்ளிருக்கும் எலும்பு ஒவ்வோர் அடிக்கும் முன்னும் பின்னும் நகர்கிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தோல் அடுக்குகள் இழுபட்டு இழுபட்டுக் கடைசியில் கிழிகின்றன. அந்த இடைவெளியில் நீர் கோத்துக்கொள்கிறது. ஜூன் மாதம் பிள்ளைகளுக்கு “அடுத்த வருஷமும் போடலாம்” என்று பெரிய ஷூ வாங்கித் தரும் சிக்கனக்காரர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஆகவே வைத்தியம் கடையிலேயே தொடங்குகிறது. நாள் முழுக்க நின்று நடந்த கால் சற்று வீங்கியிருக்கும் என்பதால் சாயங்காலம் போய் வாங்குவது நல்லது. வேலைக்குப் போடும் அதே சாக்ஸோடு போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு காலும் ஒரே அளவு இருப்பதில்லை. பெரிய காலுக்குத்தான் வாங்க வேண்டும். வாங்கியதும் எட்டு மணி நேர ஷிஃப்டுக்குப் போட்டுப் போகாமல், சில நாள் வீட்டுக்குள் அரை மணி, ஒரு மணி என்று நடக்கலாம். தெருவில் நடந்து அழுக்காக்காத வரை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கவும் வாய் வரும்.

பாட்டிமார் சொல்லும் தேங்காய் எண்ணெய்? முதல் ஒரு மணி நேரம் வழுக்கும். பிறகு அதுவே தோலை ஊறவைத்து உரசலைக் கூட்டிவிடும். விளக்கெண்ணெயைச் செருப்பின் தோலுக்குத் தடவுவது வேறு விஷயம், அது தோலை இளக்கும். வியர்வையை அடக்கும் மருந்தை அமெரிக்க ராணுவப் பயிற்சி மாணவர்களின் காலில் தடவி 21 கிலோமீட்டர் நடக்கவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். தடவாதவர்களில் 48 சதவீதம் பேருக்குக் கொப்புளம், தடவியவர்களில் 21 சதவீதம் பேருக்கு. ஆனால் தடவியவர்களில் பாதிப் பேருக்கு மேல் தோல் எரிச்சல். நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் காகித பிளாஸ்திரி போதும். வழக்கமாகக் கடிக்கும் இடத்தில், சுருக்கம் விழாமல், காலையிலேயே ஒட்டிவிட வேண்டும். பருத்தி சாக்ஸ் வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும். நைலான் கலந்தது தேவலை. மதியச் சாப்பாட்டு வேளையில் ஒரு ஜோடி மாற்றினால் இன்னும் நல்லது.

கொப்புளம் வருமுன் அந்த இடம் சூடாகும், சிவக்கும். அப்போதே நிறுத்திப் பிளாஸ்திரி ஒட்டினால் பாதி வேலை முடிந்தது. வந்துவிட்டால் மேல்தோலைப் பிய்க்காதீர்கள். அதைவிட நல்ல கட்டு எந்தக் கடையிலும் கிடையாது. கொப்புளம்தானே என்று அலட்சியமாக விட்டுவிடவும் கூடாது. 1924இல் அமெரிக்க ஜனாதிபதி கூலிட்ஜின் பதினாறு வயது மகன் சாக்ஸ் இல்லாமல் டென்னிஸ் ஆடி, கால்விரலில் வந்த கொப்புளம் சீழ்வைத்து ரத்தத்தில் கலந்து, ஒரே வாரத்தில் இறந்துபோனான். பெனிசிலினைக் கண்டுபிடிக்க இன்னும் நான்கு வருஷம் இருந்தது.

வலி தெரிகிற காலுக்கு இவ்வளவு போதும். வலி தெரியாத காலின் கதை வேறு. கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட் 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து தொழுநோயாளிகளின் பாதங்களைக் கவனித்தார். அந்தப் புண்களில் பெரும்பாலானவை, உணர்ச்சி மரத்துப்போன கால் கடியையும் அழுத்தத்தையும் அறியாமல் நடந்து நடந்து வந்தவை என்று கண்டார். மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு அந்த வேலையோடு சேர்ந்து வளர்ந்தது. இன்று அதை அதிகம் கேட்டு வாங்குபவர்கள் சர்க்கரை நோயாளிகள்.

அவர்கள் காலும் மரத்துப்போகக்கூடும் என்பதால், புதுச் செருப்பு கடித்தாலும் தெரியாமல் போகலாம். போட்ட முதல் நாள் ஒரு மணி நேரத்தில் கழற்றி, எங்காவது சிவந்திருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். குனிய முடியாதவர்கள் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாதத்தை அதன்மேல் தூக்கிப் பார்க்கலாம். கொப்புளம் தென்பட்டால் ஊசியைத் தேடாமல் டாக்டரிடம் போக வேண்டும், அன்றைக்கே.