பாடினார்கள், பிறகு என்ன செய்தார்கள்?

எங்கள் மாலை வகுப்புக்கு வரும் செவிலியர் படிப்பு மாணவி ஒருத்தி கேட்ட கேள்வியை இரண்டு வாரமாகச் சுமந்துகொண்டு திரிகிறோம். அவளுடைய பாட்டி இறந்தபோது உடலை ஊர்த்தெரு வழியாகக் கொண்டுபோக விடவில்லை. தடுத்தவர்கள் வேற்று மதத்தவர் அல்ல. அதே கோயிலில், அதே பீடத்தின் முன் நின்று நற்கருணை வாங்குகிறவர்கள். கடைசியில் ஏரிக்கரையைச் சுற்றி, முள்ளுக்காட்டு வழியே பெட்டியைத் தூக்கிப்போய் அடக்கம் செய்தார்கள். அன்று இரவு வீட்டு ஜெபத்துக்கு வந்த உபதேசியார், "எல்லாத்துக்கும் நன்றி சொல்லப் பழகணும்மா. கோபத்த மனசுல வச்சிருந்தா நோய்தான் வரும்" என்றாராம்.

அவள் எங்களிடம் கேட்டாள்: "அக்கா, எனக்கு நன்றி சொல்ல வாயே வரல. அப்ப எனக்கு விசுவாசம் இல்லையா?"

இல்லை என்று உடனே சொல்லிவிட்டோம். ஆனால் அவள் முகம் தெளியவில்லை. இருபது வருடமாகக் காதில் விழுந்த பிரசங்கத்தை ஒரு நிமிடப் பதிலால் கழுவிவிட முடியாது. அதனால்தான் எழுதுகிறோம்.

முதலில் 'விசுவாசம்' என்ற சொல்லையே பாருங்கள். கோயிலில் அதற்குக் கடவுள்மேல் வைக்கும் நம்பிக்கை என்று பொருள். களத்துமேட்டில் அதே சொல்லுக்குப் பண்ணையாருக்கு அடங்கியிருப்பது என்று பொருள். "விசுவாசமான ஆளு" என்று எங்கள் தாத்தாக்களைச் சொன்னார்கள். வாசலில் கட்டிக்கிடந்த நாயையும் அப்படித்தான் சொன்னார்கள். நன்றிக்கும் இதே கதைதான். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த உப்பை விளைவித்தது யார், நெல்லை அறுத்தது யார் என்று ஒருவரும் சொல்லவில்லை. கூலியை ஒரு மரக்கால் ஏற்றிக் கேட்டவனுக்குக் கிடைத்த பட்டம் 'நன்றி கெட்டவன்'. ஆக, சேரியில் பிறந்த ஒருவரின் காதில் 'நன்றியாயிரு' என்ற சொல் வெறும் ஆன்மீகமாக விழுவதில்லை. அதற்குப் பின்னால் ஒரு சாட்டையின் சத்தமும் கேட்கிறது. இது தெரியாமல் பிரசங்கம் செய்கிறவர்கள் மேல் எங்களுக்குப் பரிதாபம்தான். தெரிந்தே செய்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இன்னொரு நன்றிக்கடனையும் நம் தலையில் கட்டுவார்கள். மிஷனரிகள் வந்து உங்களைத் தூக்கிவிட்டார்கள், அவர்களுக்கு நன்றியாயிருங்கள் என்பார்கள். பள்ளிக்கூடத்தையும் மருத்துவமனையையும் நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் தென் திருவிதாங்கூரில் மயிலாடியின் கதையை இளையவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சாம்பவர் சமூகத்தில் பிறந்த மகாராசன் தஞ்சாவூருக்குப் போனவர், அங்கே கிறித்தவத்தை ஏற்று வேதமாணிக்கம் ஆனார். ஊருக்குத் திரும்பித் தன் சொந்தங்களைச் சேர்த்தார். லண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தது அதற்குப் பிறகு, 1806இல். நம் ஆட்கள் தேடிப்போனார்கள், கூப்பிட்டார்கள். யாரோ கொடுத்ததைக் கைநீட்டி வாங்கியவர்களாக மட்டும் அவர்களைக் காட்டுவது வரலாறு ஆகாது.

மாணவர்களில் சிலர் இன்னொரு பக்கத்திலிருந்து வருவார்கள்: "தினமும் நன்றிக் குறிப்பு எழுதினால் மனநலம் கூடும் என்று ஆய்வே சொல்கிறதே!" சொல்கிறதுதான். ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லோவும் 2003இல் வெளியிட்ட ஆய்வு உலகம் முழுக்கப் பேசப்படுகிறது. நன்றிக்குரியவற்றை எழுதிவந்தவர்கள், தொல்லைகளை எழுதிவந்தவர்களைவிடத் தங்கள் வாழ்க்கையைப் பற்றி நல்லவிதமாக உணர்ந்தார்கள். நாங்களும் அதைக் கேலி செய்யவில்லை. ஆனால் அதில் பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள். இன்னொரு பகுதியினர் நரம்புத்தசை நோய் உள்ளவர்கள். பாட்டியின் பெட்டியோடு முள்ளுக்காட்டில் நடந்தவர்களை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. சமூகவியல் படித்த கோளாறோ என்னவோ, எந்த ஆய்வைப் பார்த்தாலும் யாரிடம் செய்தது என்றுதான் முதலில் தேடுகிறோம்.

சரி, வேதாகமத்துக்கே வருவோம். பவுலும் சீலாவும் பிலிப்பி பட்டணத்தில் அடிபட்டு, கால்கள் தொழுமரத்தில் மாட்டப்பட்டு, நள்ளிரவில் சிறைக்குள் பாடித் துதித்த கதையைக் கேட்காத கிறித்தவப் பிள்ளை இருக்காது. துன்பத்திலும் ஸ்தோத்திரம் சொன்னார்கள், சிறைக்கதவு திறந்தது என்று பிரசங்கம் அங்கேயே முடிந்துவிடும். அப்போஸ்தலர் நடபடிகள் 16ஆம் அதிகாரம் அங்கே முடியவில்லை. விடிந்ததும் அதிகாரிகள், போய்விடுங்கள் என்று ஆள் அனுப்புகிறார்கள். பவுல் போக மறுக்கிறார். விசாரணையில்லாமல் ரோமக் குடிமக்களை ஊரறிய அடித்துவிட்டு இப்போது ரகசியமாக அனுப்பப் பார்க்கிறீர்களா, அதிகாரிகளே நேரில் வந்து எங்களை வெளியே அழைத்துப்போகட்டும் என்கிறார். அவர்கள் வந்தார்கள், பயந்துபோய்க் கெஞ்சினார்கள். இரவில் பாடிய அதே வாய்தான் காலையில் குடியுரிமை பேசியது. இந்த இரண்டாவது பாதியை எங்கள் ஊர்ப் பிரசங்கப் பீடத்தில் நாங்கள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. நீங்கள் கேட்டிருந்தால் சொல்லுங்கள், சந்தோஷப்படுவோம்.

சங்கீதங்களையும் பாருங்கள். 150இல் எத்தனை புலம்பல்கள்! 88ஆம் சங்கீதம் நன்றியோ துதியோ இல்லாமல் இருளிலேயே முடிகிறது. அதை எழுதியவரை விசுவாசமில்லாதவர் என்று யாரும் புத்தகத்திலிருந்து எடுத்துவிடவில்லை. அந்த மாணவியிடம் அதைப் படிக்கக் கொடுத்தோம். இரண்டு முறை படித்துவிட்டு, "இது நம்ம ஆளு" என்றாள். அன்றுதான் முதல் முறையாகச் சிரித்தாள்.

அதற்காக நன்றியே வேண்டாம் என்பதல்ல எங்கள் பேச்சு. நமக்கென்று ஒரு நன்றி இருந்திருக்கிறது. சோறு வடிக்கும் முன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துக் காணிக்கைக்குச் சேர்த்த பாட்டிகளை நினைத்துப் பாருங்கள். சொந்தமாக ஒரு குழி நிலம் இல்லாதவர்கள் அவர்கள். அந்தப் பிடியரிசி பண்ணையாருக்குப் போகவில்லை. அவர் பார்க்கக்கூட இல்லை. கொடுக்க என்னிடமும் இருக்கிறது என்று சொன்ன கை அது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த 'பரட்டை' தியாபிலஸ் அப்பாவு கிராமிய மெட்டில் வழிபாட்டையே அமைத்தவர். ஒரே உலையில் பொங்கிச் சேர்ந்து சாப்பிடுவதைத் தன் இறையியலின் நடுவில் வைத்தார். சாதி எங்கே கண்காணிக்கிறதோ அதே பந்தியில் கடவுளுக்கு நன்றி சொல்லச் சொன்னார். இந்த நன்றி யாரையும் குனிய வைக்காது.

அந்த மாணவியிடம் நன்றி சொல் என்று நாங்கள் கேட்கவில்லை. பாட்டியின் அடக்கத்தை முதலிலிருந்து சொல் என்றுதான் கேட்டோம். அழுதுகொண்டே சொன்னாள். முள்ளுக்காட்டு வழி வந்ததும் பெட்டியைத் தூக்கிய நால்வரின் பெயர்கள் வந்தன. காலில் முள் ஏறியும் பெட்டியைக் கீழே வைக்காத சித்தப்பா வந்தார். பக்கத்துக் காலனியிலிருந்து அரிவாளோடு வந்து வழி வெட்டிக்கொடுத்த பையன்கள் வந்தார்கள். "அவங்களுக்கு நான் நன்றியே சொல்லலக்கா" என்றாள். கோபம் அப்போதும் போகவில்லை. போக வேண்டிய அவசியமும் இல்லை, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

இடையில் ஒன்று: தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், வாழவே பிடிக்காமல் நாட்கள் நகர்ந்தால் ஜெபத்தோடு நிறுத்தாதீர்கள். அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, 14416 என்ற டெலி மானஸ் எண்ணை இலவசமாக அழைக்கலாம். மருந்து சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று எவராவது சொன்னால் அவர் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறாரா என்று கேளுங்கள்.

இனி வழக்கு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் அந்தக் குடும்பம் புகார் கொடுக்க முடியாது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களை மட்டும் பட்டியல் சாதியாக ஏற்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் கதவு இன்னும் மூடியே கிடக்கிறது. அந்தத் தடையை நீக்கச் சொல்லி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் அறிக்கை கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லை. பெட்டியைத் தடுத்தவர்களுக்கு அவள் சாதி தெரிகிறது, சட்டத்துக்குத் தெரியவில்லை.

ஆகவே இரண்டு மனுக்கள் எழுதியிருக்கிறோம். ஒன்று பொதுவழி கேட்டு வட்டாட்சியருக்கு, மற்றொன்று ஆயருக்கு. ஆயருக்கான மனுவில் அப்போஸ்தலர் 16ஐச் சேர்க்கச் சொன்னது அந்த மாணவிதான். முள்ளுக்காட்டில் பெட்டி தூக்கிய நால்வரும் கையெழுத்துப் போட்டாயிற்று. அவளுக்கு இந்த வாரம் இரவுப் பணி. சனிக்கிழமை காலை வந்து போடுகிறேன் என்றிருக்கிறாள், முதல் இடத்தைக் காலியாக விட்டு வைத்திருக்கிறோம்.