ஞாயித்துக்கிழமை கிறுக்கல்: திரும்பி வந்த மேரி

ரெண்டு வாரமா பதிவு போடலை மக்களே. தீசிஸ்தான் காரணம்னு சொன்னா நம்பிடுவீங்க. உண்மை என்னன்னா, சரித்திரச் சிறுகதை எழுதறேன் பேர்வழின்னு உட்கார்ந்து, ஒரே இடத்துல மாட்டிக்கிட்டேன்.

பாஸ்டனில் மாசசூசெட்ஸ் சட்டமன்றக் கட்டடத்துக்கு முன்னால ஒரு பெண்ணின் வெண்கலச் சிலை இருக்கு. தலை குனிஞ்சு அமைதியா உட்கார்ந்திருப்பார். பஸ் பிடிக்கிற அவசரத்துல எத்தனையோ தடவை கடந்து போயிருக்கேன். ஒருநாள்தான் நின்னு பெயரைப் படிச்சேன். மேரி டயர். குவேக்கர். 1660-ல் தூக்கிலிடப்பட்டவர்.

இங்கிலாந்தில் மத நெருக்கடி தாங்காம கடல் தாண்டி வந்தவங்க ப்யூரிட்டன்கள். வந்த இடத்துல அவங்களே குவேக்கர்களைத் துரத்தினாங்க. பாதிரியார் தயவில்லாம, ஆணோ பெண்ணோ, யாருக்குள்ளயும் கடவுளின் ஒளி உண்டுன்னு குவேக்கர்கள் சொன்னது பெரிய குத்தமாப் போச்சு. 1656-ல் மேரி ஃபிஷர், ஆன் ஆஸ்டின்னு ரெண்டு பெண்கள் கப்பலில் வந்ததுமே சிறை. கொண்டுவந்த புத்தகங்களுக்குத் தீ. 1658-ல் சட்டமே வந்தாச்சு: நாடு கடத்தப்பட்ட குவேக்கர் திரும்பி வந்தா மரணம்.

மேரி திரும்பி வந்தார். 1659 அக்டோபர் 27 அன்று வில்லியம் ராபின்சன், மார்மடியூக் ஸ்டீவன்சன் ரெண்டு பேரையும் அவர் கண் முன்னாலயே தூக்கில் போட்டாங்க. அவர் கழுத்திலும் சுருக்கு மாட்டியாச்சு. கடைசி நேரத்தில் தண்டனையை நிறுத்தி ஊரைவிட்டு அனுப்பிட்டாங்க. மகன் மனு கொடுத்திருந்தாராம். 1660 மே மாசம் மறுபடியும் வந்து நிக்கிறார்! ஜூன் 1, தூக்கு.

நான் மாட்டிக்கிட்டது இங்கதான். ஆறு பிள்ளைகளின் தாய். அப்ப கணவர்? வில்லியம் டயர் மேரியின் வழியில் போகாதவர். சட்டுனு அவரை வில்லனாக்கிட்டேன். வசனமெல்லாம் பிரமாதமா வந்துச்சு (சொந்தப் பெருமைதான்!).

அப்புறம்தான் அந்த மே மாசம் அவர் ஆளுநருக்கு எழுதின கடிதத்தைப் படிச்சேன். அரை வருஷத்துக்கு மேல மனைவியைப் பார்க்கலைங்கிறார். நீங்களும் மனைவி உள்ளவங்கதானே, உயிருக்குயிரான என் மனைவியை விட்டுடுங்கன்னு கெஞ்சறார். விடலை.

எழுதின நாலு பக்கத்தையும் அழிச்சுட்டேன். மேரியின் துணிவைப் பெரிசாக் காட்ட, பாவம், அந்த மனுஷனை எதுக்குச் சிறுமைப்படுத்தணும்? இப்ப கதை அவர் கடிதத்தை மடிக்கிறதில் ஆரம்பிக்குது. மேரி ஏன் திரும்பினார்னு அவருக்கும் புரியலை, எனக்கும்தான்.

நீங்க எழுதினா யார் கண் வழியா சொல்லுவீங்க? பின்னூட்டத்துல வந்து சொல்லிட்டுப் போங்க.